அறுபத்து மூன்றில் அ, ஆ, இ, ஈ

போன மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்து நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் தோளில் கை போட்டார். "என்னப்பா, அடையாளம் தெரியலையா?" என்றார்.

முகம் நன்றாகவே தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் என்னோடு ஒரே செட்டில் இரவு வேலை பார்த்தவர். என் மூத்த மகள் பிறந்த இரவு என் வேலையையும் சேர்த்துப் பார்த்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர். டீயில் அவருக்குச் சர்க்கரை பாதிதான் போட வேண்டும் என்பதுகூட ஞாபகம் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

"தெரியாம என்னப்பா, எப்படி இருக்கே?" என்று சமாளித்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை 'அப்பா, அப்பா' என்றே ஓட்டினேன். என் மனைவி பக்கத்தில் வந்ததும் அறிமுகம் செய்து வைக்க வேண்டுமே என்ற பயத்தில், மோர் வாங்கி வரச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது அந்தப் பெயர் தானாக வந்து நின்றது, ஊர் கடந்தபின் வந்து சேர்ந்த தபாலைப் போல.

இதில் எனக்கு அவமானம் கொஞ்சம் கூடுதல். காரணம், நான் ஞாபகசக்தியை வைத்துச் சோறு தின்றவன். ரயில்வே மெயில் சர்வீஸில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், சார்ட்டராக இருந்தவன். சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த மரச் சட்டத்தின் முன் நின்று, கடிதத்தின் விலாசத்தை ஒரு பார்வை பார்த்ததும் அது எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கை முடிவு செய்துவிட வேண்டும். யோசித்தால் வண்டி போய்விடும். எந்தக் கிளை அஞ்சலகம் எந்தப் பைக்கு என்பதெல்லாம் மனப்பாடம். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்துவிட்டது என்றாலும் எண் எழுதாமல் கடிதம் போடுகிறவர்கள்தான் அதிகம். லால்குடி 621601, மணப்பாறை 621306, குளித்தலை 639104. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நேற்று வந்த பிளம்பர் பெயரைக் கேட்டால் முழிப்பேன்.

எல்லோரும் சொல்வார்கள், வயசானால் மறதி சகஜம் என்று. எனக்கு அது அவ்வளவு சகஜமாகப் படவில்லை. காரணம் என் அம்மா.

அம்மாவுக்குக் கடைசி மூன்று வருடம் மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு சாப்பிட்டதை மறந்தாள். பிறகு என்னைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியில் யாருக்கும் புரியாத வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன்பின் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும் ஒவ்வொரு தடவையும், தேடுவது சாவியை மட்டுமல்ல. 'ஆரம்பித்துவிட்டதா?' என்ற கேள்வியும் கூடவே அலைகிறது. இதை மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. என் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மறப்பதைவிட, மறப்பதை மறைப்பதற்குத்தான் நமக்கு அதிக உழைப்பு.

இந்த நிலையில்தான் நான் கன்னடம் படிக்க ஆரம்பித்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை. வருடத்தில் பாதி நாங்கள் அங்கேதான். பேத்தி இரண்டாம் வகுப்பு. பள்ளியில் அவளுக்குக் கன்னடம் உண்டு. வீட்டில் யாருக்கும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. "தாத்தா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, நீங்க படிச்சு எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள். சும்மா இருக்கிறேன் என்று அவள் சொன்னது சுருக்கென்றாலும் உண்மைதான்.

"இந்த வயசுல எதுக்குங்க? ஏற்கெனவே வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்க மாட்டேங்குது" என்றாள் மனைவி. மாப்பிள்ளை மரியாதைக்காரர். "டைம் பாஸுக்கு நல்லதுதான் மாமா" என்றார். பெங்களூரில் தமிழை வைத்தே காலம் தள்ளிவிடலாம் என்பதும் உண்மை. தள்ளுவண்டியில் காய்கறி கொண்டு வரும் அம்மாவிடம், எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொண்டு போய், "ஹாகலகாயி எஷ்டு?" என்று கேட்டேன். "கிலோ அறுபது சார். தமிழ்லயே கேளுங்க, நான் திருவண்ணாமலைப் பக்கம்தான்" என்றார் அவர்.

ஹாகலகாயி என்றால் பாகற்காய். கன்னடம் கற்கும் தமிழனுக்குக் கிடைக்கும் முதல் மகிழ்ச்சி இது. நம் 'ப' அங்கே போய் 'ஹ' ஆகிவிடுகிறது. பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பீர்க்கங்காய் ஹீரேகாயி. நம் 'வ' அங்கே 'ப' ஆகிறது. 'பம்பரம்' என்று சொல்லும்போது நடுவில் வருமே, அந்த அழுத்தமான 'ப'. வெல்லம் பெல்ல, வெண்டைக்காய் பெண்டேகாயி, வேம்பு பேவு. 'ழ' தேய்ந்து 'ள' ஆகிவிட்டது. மழை மளெ, கோழி கோளி, ஏழு ஏளு. செவியை அவர்கள் கிவி என்கிறார்கள். பழைய சார்ட்டருக்கு இது போதாதா? விலாசம் மாறியிருக்கிறது, ஆள் நம் ஆள்தான் என்று குஷியாகிவிட்டேன். முதல் பதினைந்து நாளில் முந்நூறு வார்த்தை வந்துவிட்டது.

பதினாறாம் நாள் பார்த்தால், பாதியைக் காணோம்.

நமக்குச் சொந்தமான வார்த்தைகள் நின்றன. உறவில்லாத வார்த்தைகள் காலையில் வந்து மாலையில் போயின. வெங்காயத்துக்கு 'ஈருள்ளி', தயிருக்கு 'மொசரு', முந்தாநாளுக்கு 'மொன்னெ', நாளை மறுநாளுக்கு 'நாடித்து'. பத்துத் தடவை எழுதினேன். மறுநாள் நோட்டைத் திறந்தால் யாரோ எழுதியது போல இருந்தது. இன்னொரு வேடிக்கை. இளவயதில் நான்கு வருடம் ராணுவத் தபால் சேவையில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட இந்தி, முப்பது வருடமாக உபயோகமே இல்லாமல் கிடந்தது. இப்போது கன்னட வார்த்தையைத் தேடினால் அது முந்திக்கொண்டு வந்தது. 'மொசரு' கேட்டால் 'தஹி' வருகிறது. எங்கள் பாஷையில் இதற்கு 'மிஸ்ஸென்ட்' என்று பெயர், தப்பான பையில் போன தபால். மூளைக்குள் 'தாய்மொழி', 'அந்நிய மொழி' என்று இரண்டே பைகள் இருக்கும்போலிருக்கிறது. இந்தியும் கன்னடமும் ஒரே பையில் கிடந்தன.

எனக்கு உள்ளூர பயம் அதிகமாகிவிட்டது. மறதியை மறக்கத்தான் படிக்க வந்தேன். இது தினமும் மாலை ஏழு மணிக்கு மறதிக்குப் பரீட்சை வைத்து மார்க் போடுகிறதே என்று நினைத்தேன். ஒருநாள் பேத்தி கேட்ட வார்த்தைக்கு அர்த்தம் வராமல் புத்தகத்தை மூடிவிட்டு, "தாத்தாவுக்கு எல்லாம் மறந்துபோகுதுடா, இனிமே வேண்டாம்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கலர் அடித்துக்கொண்டே, "நானும்தான் மறந்துடுவேன். மிஸ் மறுபடி சொல்லுவாங்க. மறுபடி மறந்தா மறுபடி சொல்லுவாங்க" என்றாள்.

அன்று இரவு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பத்துத் தடவை மறந்தால் அதற்குப் பெயர் படிப்பு. கிழவன் ஒரு தடவை மறந்தால் அதற்குப் பெயர் வியாதி. இரண்டும் மறதிதானே? என் பேத்தி ஒரு நாளைக்கு எத்தனையோ மறக்கிறாள்; டிபன் பாக்ஸை, தண்ணீர் பாட்டிலை, வீட்டுப்பாடத்தை. யாரும் அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே இதை ஆராய்ந்து புத்தகம் போட்டிருக்கிறார். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துக்கொண்டவர். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகப் போகிறது என்று கண்டார். சோதனைக்கு ஆளான அவர் அப்போது கிழவரும் அல்ல. அவர் கண்ட இன்னொரு விஷயம்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது. அடியோடு மறந்துபோன பாடத்தைத் திரும்பப் படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. அதாவது, போனது முழுசாகப் போவதில்லை. தடம் விட்டுவிட்டுத்தான் போகிறது.

பிறகு முறையை மாற்றினேன். வீட்டில் குவிந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஒருபுறம் தமிழ், மறுபுறம் கன்னடம் எழுதினேன். செருப்பு டப்பாவில் அட்டை வைத்து ஐந்து அறை. புதுச் சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தவறினால் மறுபடி முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலமாக்கிய முறை. எனக்கோ பழையபடி சார்ட்டிங் வேலைக்குத் திரும்பியது போல இருந்தது. 'ஈருள்ளி' பதினோரு தடவை முதல் அறைக்கே திரும்பி வந்தது. விலாசதாரர் இல்லை என்று திரும்பும் தபாலை நாங்கள் கோபித்துக்கொண்டதில்லை. இதையும் கோபிக்கவில்லை.

டாக்டரிடமும் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. பல வருடம் தள்ளிப்போட்ட காரியம் அது. அவர் ரத்தம் பார்த்தார், காது பார்த்தார், கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். பி12 சத்து குறைவு என்று ஊசி போட்டார். வலது காது மந்தம் என்றார். "சார், பேர் மறக்கறதா சொல்றீங்களே, பேர் சொல்லும்போது காதுல விழுந்துதா?" என்று கேட்டார். பிளம்பர் பெயர் எனக்கு மறக்கவில்லை. அது உள்ளேயே வரவில்லை! போடாத தபாலைப் பையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கன்னட 'ஹ' பல இடங்களில் எனக்குக் குழம்பியதும் அதனால்தான். தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் எத்தனையோ இருக்க, நாம் நேராகக் கடைசி வியாதியைக் கற்பனை செய்துகொண்டு டாக்டர் பக்கமே போகாமல் இருக்கிறோம். அம்மாவின் நோய் எனக்கு வராது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போதைக்கு இது அதுவல்ல, அடுத்த வருடம் மறுபடி பார்ப்போம் என்றார். அது போதும்.

"புது மொழி கத்துக்கிட்டா மறதி நோயே வராதாமே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நானும் பார்க்கிறேன். இதில் ஒரு நிஜமான ஆராய்ச்சி உண்டு. ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் 648 நோயாளிகளை வைத்துச் செய்தது, 2013-ல் வெளியானது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நாலரை வருடம் தள்ளித்தான் நோய் தலைகாட்டியது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் அவர்கள் வாழ்நாளெல்லாம் கடையிலும் தெருவிலும் இரண்டு மூன்று மொழி புழங்கியவர்கள். அறுபது தாண்டி அரிச்சுவடி எடுத்தவனுக்கு அந்த நாலரை வருடத்தை யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தவிர, என் அம்மாவுக்கே இரண்டு மொழி தெரிந்திருந்தது. அதற்கு வருகிறேன். ஆகவே, மொழியை லேகியம் மாதிரி விழுங்காதீர்கள். பலன் தெரியவில்லை என்று இரண்டே மாதத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

பின் எதற்காகப் படிக்க வேண்டும்? எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன்.

ஒருநாள் மாலை பேத்தியோடு பார்க்கில் இருந்தேன். இருட்டத் தொடங்கியது. அவள் என் கையைப் பிடித்து இழுத்து, விளையாட்டாகக் கன்னடத்தில், "பா தாத்தா, மனெகெ ஹோகோணா" என்றாள். வா தாத்தா, வீட்டுக்குப் போகலாம்.

நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா கடைசி மாதங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தது இதைத்தான். 'மனக்கே, மனக்கே' என்று எங்கள் காதில் விழுந்தது. ஏதோ நாற்றம் அடிக்கிறது, 'மணக்குது' என்கிறாள் என்று நினைத்து, என் மனைவி பாவம், ஒவ்வொரு தடவையும் பினாயில் போட்டு அறையைத் துடைப்பாள். அம்மாவின் அப்பா அரசிகெரே ஸ்டேஷனில் ரயில்வே வேலை பார்த்தவர். பதினாறு வயதில் கல்யாணமாகித் திருச்சிக்கு வரும்வரை அவள் வளர்ந்தது அங்கேதான். எங்களுக்குத் தெரிந்து அவள் கன்னடம் பேசியதில்லை. சின்ன வயதில் கேட்டால், "அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சு" என்பாள். அது மறக்கவே இல்லை. எங்கள் பெயர்களெல்லாம் போனபின்பும் அது இருந்தது. ரயில் பெட்டியில் முதலில் ஏற்றிய பை அடியில் இருக்கும்; கடைசியாகத்தான் இறங்கும். பதினாறு வயதுப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், நாங்கள் தரையைத் துடைத்திருக்கிறோம். அன்று தெரிந்திருந்தால் நான் ஒன்றும் பெரிதாகச் செய்திருக்க முடியாது. அரசிகெரேக்கா கூட்டிப்போக முடியும்? ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு "ஹோகோணா அம்மா" என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருடம் தாமதமாகப் பட்டுவாடா ஆன கடிதம் அது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாடப் புத்தகத்தை இங்க குடுங்க" என்றாள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு மாணவர்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் இருக்கிறார், தார்வாடுக்காரர். அவரிடம் ஒருமுறை என் மறதியைப் பற்றிப் புலம்பினேன். "அரவத்தக்கெ அரளு மரளு" என்று சிரித்தார். அறுபதானால் புத்தி பிசகும் என்று கன்னடத்தில் பழமொழி. பிறகு அவரே சொன்னார், தங்கள் ஊர்க் கவிஞர் த.ரா. பேந்த்ரே தன் அறுபது வயதையொட்டி வெளியிட்ட தொகுப்புக்கு 'அரளு மரளு' என்றே பெயர் வைத்தார் என்று. அரளு என்றால் மலர்தல், மரளு என்றால் திரும்பவும். பிசகும் என்று ஊர் சொன்னதை, மறுபடி மலரும் என்று பிரித்துப் படித்துவிட்டார் மனுஷர். 1958-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது. இதில் இன்னொரு சேதி, பேந்த்ரேயின் தாய்மொழி மராத்தி!

நான் மலர்ந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. என் கன்னடம் இன்னும் தள்ளுவண்டிக்கு அப்பால் போகவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. முழு வாக்கியமாக, தடுமாறாமல் நான் சொல்லப் பழகிய முதல் கன்னடம் "மரெத்து ஹோய்த்து". மறந்து போயிற்று. நம் வாக்கியமேதான், கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டிருக்கிறது. தினமும் இருபது தடவை இதைக் காய்கறிக்கார அம்மாவிடமும் பேத்தியிடமும் ஆசிரியரிடமும் சொல்கிறேன். ஒருவரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அறுபது வயதில் ஒரு மனிதன் வெட்கமில்லாமல் மறக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அங்கே வாய் பழகியது தமிழிலும் வந்துவிட்டது.

கல்யாணத்தில் பார்த்த நண்பருக்குப் போன வாரம் போன் செய்தேன். "அன்னைக்கு உன் பேரு சுத்தமா ஞாபகம் வரலைப்பா. மறைச்சுட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. "அட, நான் மட்டும் உன்னைப் பேர் சொல்லியா கூப்பிட்டேன்? எனக்கும் வரலையேப்பா. அதான் 'என்னப்பா'ன்னு தோள்ல கை போட்டேன். இப்பவும் போன்ல உன் பேரு வந்ததாலதான் தெரிஞ்சுது" என்றார்.

அரை மணி நேரம் பேசினோம். அவருக்கும் இரண்டு வருடமாக என்னைப் போலவே பயமாம், வீட்டில் சொல்லவில்லையாம். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், காதையும் சேர்த்து. மகன் ஹைதராபாத்தில் இருக்கிறானே, தெலுங்கு ஆரம்பியேன் என்றேன். "இந்த வயசுலயா?" என்றார்.

"மறந்தா மறுபடி சொல்லுவாங்கப்பா" என்றேன்.